கருந்துளையின் நடுவில் அடர்த்தி முடிவிலி என்பதைக் குவாண்டம் இயற்பியல் ஏற்குமா?

பாளையங்கோட்டையில் மேல்நிலை மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிற எனக்கு இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. ஏற்காது என்றே பெரும்பாலான இயற்பியலாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் போதாது.

முதலில், முடிவிலி அடர்த்தி கொண்ட ஒரு புள்ளி நடுவில் கிடக்கிறது என்ற சித்திரத்தையே அழித்துவிட வேண்டும். வெளிநோக்கி அனுப்பிய ஒளியும் குவிந்துபோகிற ஒரு பரப்பு உருவாகிவிட்டால் உள்ளே ஒளியோ பொருளோ செல்லும் சில பாதைகளேனும் மேலே தொடர முடியாமல் அறுந்தே தீரும் என்பதுதான் 1965-இல் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் நிறுவியது. (அதற்கு அடித்தளமான சமன்பாட்டை 1955-இல் தந்தவர் நம் நாட்டின் அமல்குமார் ராய்சௌத்ரி என்பதை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை.) நெல்லையிலிருந்து போகும் ரயிலுக்குத் திருச்செந்தூரோடு தண்டவாளம் முடிந்தாலும், இறங்கிக் கடற்கரைக்கு நடந்து போகலாம், கருந்துளைக்குள்ளோ பயணியின் கைக்கடிகாரமும் சேர்ந்தே முடிகிறது. சுழலாத கருந்துளையில், ஒளியும் திரும்பி வெளியேற முடியாத எல்லையான நிகழ்வெல்லையைத் தாண்டியபின் மையத்தை நோக்கிய தொலைவே காலமாகிவிடுவதால், ஒருமைப்புள்ளி என்று சொல்லப்படும் அந்த முடிவு ஓர் இடமன்று, தவிர்க்க முடியாமல் வரப்போகும் ஒரு கணம். சூரியனளவு நிறையுள்ள கருந்துளையில் அது ஏறத்தாழ 15 மைக்ரோவினாடிக்குள் வந்துவிடும். பால்வீதியின் நடுவிலுள்ளதைப்போல 43 லட்சம் சூரிய நிறை இருந்தால், ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக அவகாசம் கிடைக்கலாம்.

குவாண்டம் காப்பாற்றும் என்போர் ஹைட்ரஜன் அணுவைக் காட்டுவார்கள். பழைய இயற்பியலின்படி எலக்ட்ரான் ஒரு வினாடியின் பத்தாயிரம் கோடியில் சில பங்கு நேரத்துக்குள் அணுக்கருவில் விழுந்திருக்க வேண்டும். விழாததற்குக் காரணம், குறுகிய இடத்தில் அடைக்க அடைக்க அதன் உந்தம் ஏறுவதுதான். அதே விளைவுதான் வெண்குறுமீனையும், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனையும், தாங்கி நிற்கிறது. ஆனால் நிறை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் அந்தத் தாங்கல் தோற்றுவிடும் என்பதை 1930-இல், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே சந்திரசேகர் கணக்கிட்டார். ஆகவே பொருளுக்கு மட்டும் குவாண்டம் விதிகளைப் பொருத்தினால் போதாது. அணுவுக்குள் இடமும் காலமும் அசையாத மேடை; இங்கே மேடையே மடிகிறது. வளைவின் ஆரம் பிளாங்க் நீளத்தை, அதாவது 10⁻³⁵ மீட்டர் அளவை நெருங்கும்போது அந்த மேடைக்கும் குவாண்டம் விதி வேண்டும். இடத்துக்கும் காலத்துக்கும் குவாண்டம் விதியைப் பொருத்த முயலும் கண்ணிக் குவாண்டம் ஈர்ப்புக் (loop quantum gravity) கோட்பாட்டின் கணக்குகள் சிலவற்றில் பாதை அறுவதற்குப் பதிலாகச் சரிவு திரும்பி எழுகிறது. எனக்கு இந்த விடை பிடித்திருந்தாலும், நிகழ்வெல்லைக்குள் நடப்பது வெளியே தெரியாததால் அதைச் சோதிக்கும் வழி இன்னும் கைக்கு வரவில்லை.