பத்து வருடம் காத்திருக்கக் கூடியதை முதலில் விட்டேன்

கேள்வி: மொழி, இசை, உடற்பயிற்சி, வாசிப்பு என்று ஏகப்பட்ட இலக்குகளை வைத்துக்கொண்டு எதையும் முடிக்காமல் தவிக்கிறேன். குறைத்துக்கொண்டால் வாழ்க்கை எளிதாகுமா? எதை வைப்பது, எதை விடுவது?

எளிதாகும். ஆனால் அந்த எளிமை வருவதற்கு முன்னால் சில மாதங்கள் மனம் கனத்துக் கிடக்கும். அதை யாரும் சொல்வதில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன்பு அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது என் பழைய டைரிகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் அந்த வருடத்துக்கான இலக்குகளை எழுதுவது என் வழக்கம். நான்கையும் விரித்து அருகருகே வைத்தேன். ஜப்பானிய மொழி, வயலின், அரை மாரத்தான், வருடத்துக்கு ஐம்பது புத்தகம், அம்மாவின் நினைவுகளை எழுதி வைப்பது, தினமும் நடை, இன்னும் மூன்று. நான்கு வருடமும் அதே ஒன்பது வரிகள். மூன்றாம் வருடத்தில் 'இந்த முறை கட்டாயம்' என்று அடிக்கோடு வேறு. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பார்கள். நான் நான்கு வருடமாக மரங்களின் பட்டியலைத்தான் படி எடுத்துக்கொண்டிருந்தேன்.

திட்டம் போதவில்லை என்று நினைத்து, ஒரு கால அட்டவணை போட்டேன். திங்கள் காலை மொழி, செவ்வாய் மாலை வயலின் என்று வண்ண வண்ணமாக. மூன்றாவது வாரம் அந்தத் தாளைப் பார்த்தாலே சோர்வு தட்டியது. இதற்கு ஓர் ஆராய்ச்சி விளக்கம் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. ஏமி டால்டன், ஸ்டீபன் ஸ்பில்லர் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு அது. எங்கே, எப்போது, எப்படிச் செய்வேன் என்று நுணுக்கமாகத் திட்டமிடுவது ஒரே ஓர் இலக்குக்கு நன்றாக உதவுகிறது. பல இலக்குகளுக்கும் அப்படித் திட்டமிடும்போது அந்தப் பலன் கிடைப்பதில்லை. அத்தனையையும் செய்து முடிப்பது எவ்வளவு கடினம் என்று திட்டமே காட்டிக்கொடுத்துவிடுகிறது, ஊக்கம் வடிந்துவிடுகிறது. என் வண்ணத்தாள் செய்த வேலையும் அதுதான்.

சரி, குறைக்கலாம் என்று உட்கார்ந்தேன். எது பிடிக்கும் என்று கேட்டுப் பார்த்தேன், ஒன்பதும் பிடித்திருந்தன. எது முக்கியம் என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வக்கீல் எனக்குள்ளேயே எழுந்து வாதாடினார். ஒருநாள் ஆசிரியருக்கு உடல்நலமில்லை, வயலின் வகுப்பு இல்லை என்று செய்தி வந்தபோது மனம் துள்ளியது. அதையே அளவுகோலாக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் மழை வந்து நடை தடைப்பட்டாலும் இதே துள்ளல்தான். சோம்பலை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

கடைசியில் உதவியது வேறொரு கேள்வி: இதைப் பத்து வருடம் தள்ளிப்போட்டால் என்ன போய்விடும்? ஜப்பானிய மொழி எங்கும் போய்விடாது. ஐம்பது புத்தகங்கள் அங்கேயே இருக்கும். வயலினை ஐம்பத்தெட்டு வயதிலும் மோசமாக வாசிக்கலாம், இப்போது வாசிப்பதைப் போலவே. அம்மாவுக்கோ அன்றைக்கே 77 வயது. சர்க்கரை அளவு எல்லைக்கோட்டில் நிற்பதாக மருத்துவர் எனக்குச் சொல்லியிருந்தார். இந்த இரண்டு மட்டும் காத்திருக்காது. பட்டியலில் இரண்டு வரிகள் தானாகவே தனியே நின்றன.

தேர்வு ஒரு மாலையில் முடிந்துவிட்டது. விடுவதற்குத்தான் ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று.

ஏன் இவ்வளவு கடினம்? ஒரு காரணம் காசு. வயலினுக்கும் வகுப்புக்கும் கொட்டிய பணம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் ஆகிய இருவரும் 1985-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு பரிசோதனை வருகிறது. பல்கலைக்கழக நாடக அரங்கு ஒன்றில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்தார்கள். சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தவர்கள் முழு விலை கொடுத்தவர்கள்தான். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசுதான் அவர்களை இழுத்து வந்திருக்கிறது. என்னையும் பல செவ்வாய்க்கிழமைகளில் அதுதான் இழுத்துப் போயிருக்கிறது.

காசை விடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. வயலின் வாசிக்கும் ஒருவனாக என்னைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அவனை எனக்குப் பிடித்திருந்தது. ஜப்பானிய மொழி பேசும் இன்னொருவனும் இருந்தான், கொஞ்சம் அலட்டல்காரன். இவர்களை அனுப்பி வைப்பது ஒரு பழக்கத்தை நிறுத்துவது போல இல்லை, ஆட்களை இழப்பது போல இருந்தது.

ஓய்ந்த மாலைகள் உடனே அமைதியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். முதல் இரண்டு மாதம் அந்த நேரத்தையெல்லாம் கைபேசி விழுங்கியது. பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் பேச்சைப் பதிவு செய்து, வார நாட்களில் எழுத்தாக்கும் வேலை நிலைபெற்றது. இதுவரை 140 பக்கம் வந்திருக்கிறது. அதில் பாதி சமையல் சண்டைகள். அவற்றை நீக்கச் சொல்லி அவரே கேட்கிறார், நான் மறுக்கிறேன். நடை தினமும் இல்லை, வாரத்தில் ஐந்து நாள்.

இருபது வயதுக்காரர் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அந்த வயதில் ஒன்பது மரங்களையும் தட்டிப் பார்ப்பதுதான் சரி. கடன், வேலை தேடல் போன்ற கட்டாயங்களில் இருப்பவருக்கும் இந்தப் பேச்சு பொருந்தாது. அவர் விட நினைத்தாலும் விட முடியாது.

வயலின் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அலுவலக நண்பர் ஒருவரின் மகள் கற்றுக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னார், கொடுத்தேன். இரவல் என்று சொல்லித்தான் கொடுத்தேன். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. ஒரு வருடம் கழித்து, மகளுக்குப் புதிது வாங்கப் போவதாகவும், பழையதைத் திருப்பிக் கொண்டுவருவதாகவும் நண்பர் சொன்னார். வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன்.