சென்சாரை மாற்றும் முன்: நீலகிரி வேன்காரர்களின் கேள்விகள்

பழைய கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு, மலை வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கோத்தகிரி: அண்ணே, என்னுடையது பெட்ரோல் வேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பாதி வழியில் நின்றுவிடுகிறது. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் ஓரங்கட்டினால் தானாகக் கிளம்புகிறது. பட்டறையில் ஸ்கேனர் போட்டால் பிழைக் குறியீடு (கோடு) எதுவும் இல்லை.

சூட்டில் நின்று, ஆறியதும் கிளம்பினால் எனக்கு முதல் சந்தேகம் இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல்தான். உள்ளே இருக்கும் காயில் கம்பி சூட்டில் விட்டுப்போகும், ஆறினால் மறுபடி தொடும். பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடுவதால் அங்கே பிடிபடாது தம்பி. நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும். சின்ன ஸ்கேனர் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் அடிக்கும்போது அதில் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று வேகம்) பூஜ்ஜியமாகவே நின்றால் சிக்னல் வரவில்லை. சாவியை அணைத்துவிட்டு, ஈரத்துணியைச் சென்சார் மேல் சிறிது நேரம் வைத்து எடுங்கள். உடனே கிளம்பினால் சென்சாரேதான். ஆர்பிஎம் சரியாகக் காட்டினால் பெட்ரோல் பம்ப் பக்கம் போங்கள். சாவி போட்டதும் டேங்கில் பம்ப் ஓடும் சத்தம் வர வேண்டும்.

ஊட்டி: சாவி போட்டு, இன்ஜின் ஓடாமல் பார்த்தால் மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) 77 கிலோபாஸ்கல் காட்டுகிறது. 100 இருக்க வேண்டும், மாற்றிவிடலாம் என்று கீழே ஒரு மெக்கானிக் சொல்கிறார்.

மாற்றாதீர்கள். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான். மேட்டுப்பாளையம் இறங்கி அதேபோல் பாருங்கள், 97, 98 வரும். வராவிட்டால் அப்புறம் சந்தேகப்படலாம்.

குன்னூர்: மூடுபனியிலும் மழையிலும் மட்டும் செக் லைட் எரிகிறது. வெயில் வந்தால் அணைந்துவிடுகிறது.

சென்சாரில் வயர் செருகும் கப்ளருக்குள் ஈரம் போகிறது. கோடு எந்தச் சென்சாரைக் காட்டுகிறதோ அதன் கப்ளரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் உலோகப் பின்னில் பச்சைப் பொடி பூத்திருக்கும், ரப்பர் சீல் நசுங்கியிருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய வைத்து, சீலை மாற்றுங்கள். மல்டிமீட்டர் முனையைப் பின்னுக்குள் திணிக்காதீர்கள். பின் விரிந்து, ஆட்டத்தில் விட்டுவிட்டுத் தொடும். இல்லாத குறையை நாமே உண்டாக்கின மாதிரி ஆகிவிடும். இன்ஜின் ஓடும்போது வயரை மெல்ல அசைத்துப் பாருங்கள். மிஸ்ஸிங் வந்தால் இடம் அதுதான்.

கூடலூர்: ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. சென்சாரை மாற்றியும் போகவில்லை.

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. இதற்காகச் சென்சார் வாங்கிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர். உங்களுடையது ஒற்றை வயர் சென்சார் என்றால் அதற்கு எர்த் இன்ஜின் உடம்பு வழியாகத்தான். இன்ஜினையும் பாடியையும் சேர்க்கும் எர்த் பட்டை துருப்பிடித்திருந்தால், ஹெட்லைட் கரன்ட் திரும்பும்போது அங்கே வோல்டேஜ் விழும். அதையும் சேர்த்துத்தான் மீட்டர் சூடாகக் காட்டுகிறது. கேம்பரில் பிரிட்ஜ், இன்வெர்ட்டர் என்று பின்னால் சேர்த்த எல்லாவற்றையும் பாடியிலேயே எர்த் செய்திருந்தால் இன்னும் மோசம்.

இன்ஜின் ஓடட்டும், லைட், பிரிட்ஜ் எல்லாம் போடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனை இன்ஜின் பிளாக்கில், இன்னொன்று பாடியின் பெயின்ட் இல்லாத இரும்பில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றி, இரண்டு பக்கமும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து முறுக்குங்கள், அல்லது புதிதாகப் போடுங்கள். அதற்கு முன் வண்டி நிஜமாகவே சூடாகவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கூலன்ட் அளவை இன்ஜின் ஆறிய பிறகு பாருங்கள், சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது.

மசினகுடி: பழைய டீசல் வேன், மெக்கானிக்கல் பம்ப். ஸ்கேனரே சேரவில்லை. சில நேரம் பள்ளத்தில் குலுங்கினால் அணைந்துவிடுகிறது.

அந்த வண்டியில் இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. பம்பில் டீசலை நிறுத்தும் சோலனாய்டு இருந்தால் அதன் வயரையும், இக்னிஷன் சுவிட்சையும் பாருங்கள்.

ஒன்று மட்டும் கேளுங்கள். இதைச் சரிசெய்யும்வரை, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி இறக்கத்துக்கு வண்டியை எடுக்க வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவுகள். இன்ஜின் அணைந்தால், பிரேக் மிதிக்கு உதவும் வாக்குவம் சேராது. ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். எந்த இறக்கத்திலாவது அப்படி நின்றால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாகப் பிரேக்கை அழுத்திப் பிடித்து ஓரங்கட்டுங்கள். கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.