கேளுங்கோ, சொல்லுறம்

கேள்வி: 1914 செப்டெம்பர்ல என்ன முக்கியமா நடந்தது? ஸ்கூல் வினாடி வினாவுக்கு வேணும். – மாணவி, உவர்மலை

பதில்: தங்கச்சி, நல்ல மாசம்தான் கேட்டிருக்கிறீங்க. முதலாம் உலகப்போர் நடந்த நேரம் அது. நம்மட பக்கம் பெரிய விஷயம் எம்டன்தான், 22ம் திகதி ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் சென்னைக்குக் கிட்ட வந்து, சேர்ச்லைட்ட அடிச்சு பர்மா ஒயில் கம்பனிட தாங்கிகளப் பார்த்துச் சுட்டது, ஊர் லைட்டெல்லாம் அணைக்காமலே கிடந்தது, எண்ணெய் பத்தி எரிய சனம் ஊர விட்டே ஓடத் தொடங்கிட்டுது. கப்டன் பேர் கார்ல் ஃபொன் முல்லர். பிறகு நவம்பர் 9ல கொக்கோஸ் தீவுக்கிட்ட ஆஸ்திரேலியாட சிட்னி கப்பல் அத அடிச்சு முடிச்சுது. 1942 ஏப்ரல் 9ல ஜப்பான்காரன் நம்மட திருகோணமலைத் துறைமுகத்துல குண்டு போட்டதக் கேட்டு வளந்த ஆக்களுக்கு இந்தப் பயம் நல்லா விளங்கும்.

அதே மாசம் பிரான்ஸ்ல மார்ன் சண்டை, 29ல கல்கத்தாக்குக் கிட்ட பஜ்பஜ்ல கொமகத்தா மாரு கப்பல்ல திரும்பி வந்த இந்தியச் சனத்துக்குத் துப்பாக்கிச் சூடு, பாவம், கனடா இறங்க விடாம திருப்பி அனுப்பின ஆக்கள் அவங்க. 1ம் திகதி மார்த்தா எண்ட கடைசிப் பயணிப்புறா சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில செத்தது, அதோட அந்த இனமே முடிஞ்சுது, இத கட்டாயம் எழுதி வையுங்கோ. பிறந்தநாள் கேட்டா, 10ம் திகதி ஹொலிவூட் டைரக்டர் ரொபர்ட் வைஸ்.