சிங்கப்பூர்க் கணிதப் புத்தகம் முடிகிறது. வீட்டில் படிக்கும் மகனுக்கு அடுத்து எந்தப் பாடத்திட்டம்?

பத்து வயது மகனை வீட்டில் வைத்தே படிப்பிப்பதாகவும், சிங்கப்பூர்க் கணிதத்தில் ஐந்தாம் வகுப்புப் புத்தகம் முடியப் போவதாகவும், அடுத்து அமெரிக்காவின் சாக்சன் கணிதப் புத்தகம், தமிழ்நாட்டுப் பாடநூல், நமது இலங்கை அரசாங்கப் பாடநூல் ஆகிய மூன்றில் எதை எடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வன்னியில் இருக்கிறோம் என்பதற்கு மேல் எதுவும் எழுதாதபடியால், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து காணி திருத்திக் குடியிருக்கும் குடும்பம் என்று ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆசிரியர் அல்லன். கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்கிறவன். மகளுக்கு இடுப்பு எலும்பில் இரண்டு தடவை சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்ததாலும், பாடசாலை ஆறு கிலோமீற்றர் கிரவல் வீதிக்கு அப்பால் இருந்ததாலும், 4ஆம் தரம் முதல் 7ஆம் தரம் வரை அவளை வீட்டிலேயே படிப்பித்தேன். 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று நினைவூட்ட யாராவது வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். வைத்தியச் சான்றிதழை அதிபரிடம் கொடுத்து, இடாப்பில் பெயரை வெட்டாமல் வைத்திருந்துதான் இதைச் செய்தேன். பாடசாலை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. இப்போது அவள் 9ஆம் தரத்தில் பாடசாலைக்குத்தான் போகிறாள்.

நீங்கள் செய்யப் போகும் பிழையை நான் முன்னரே செய்துவிட்டேன் என்பதால்தான் இந்தப் பதில். கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பிய சிங்கப்பூர்ப் புத்தகங்கள் மகளுக்கு நன்றாகப் பிடித்திருந்தன. முதலில் கையால் தொட்டுப் பார்க்கும் பொருள், பிறகு நீளக் கட்டங்களாக வரையும் படம், அதன் பிறகே எண்ணும் குறியும் என்ற ஒழுங்கில் அவை போகும். ஆனால் சாக்சன் படித்த பிள்ளைகள் பின்னர் பொறியியலாளர் ஆனார்கள் என்று யாரோ எழுதியதை வாசித்துவிட்டு, என் பிள்ளை எதிலும் குறைந்துபோகக் கூடாது என்ற வீம்பில் நடுவில் மாற்றினேன். சாக்சனில் ஒவ்வொரு பாடத்திலும் புதிதாக ஒரு சிறு விடயமே வரும். மிகுதியெல்லாம் பழைய பாடங்களைக் கலந்த பயிற்சி, ஏறக்குறைய முப்பது கணக்குகள். மறதிக்காரப் பிள்ளைக்கு அது நல்ல மருந்து என்பதை நான் மறுக்கவில்லை. என் மகளுக்கோ பத்தாவது கணக்கிலேயே கண் கலங்கிவிடும். அடியும் அங்குலமும், டைம், குவாட்டர் என்ற நாணயங்களும், பரனைட் வெப்பநிலையும் வேறு. குவாட்டர் என்றால் எத்தனை ரூபாய் என்று கேட்ட பிள்ளைக்கு நான் கணக்கை விட்டுவிட்டு அமெரிக்காவைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் பெரும்போக விதைப்புக்கு மூன்றேகால் ஏக்கர் உழுதிருந்தோம். ஏக்கருக்கு இரண்டரைப் புசல் விதைநெல் என்று வைத்தால் மொத்தம் எவ்வளவு என்று மகளிடம் கேட்டேன். பின்னப் பெருக்கல் பாடத்தில் இரண்டு கிழமைக்கு முன்னர்தான் எல்லாக் கணக்கும் சரி வாங்கியிருந்தவள், கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, "அப்பா, இதுக்குக் கூட்டுறதா, பெருக்குறதா?" என்று கேட்டாள். திண்ணையில் இருந்த அவளுடைய அப்பப்பா, "எட்டே அரைக்கால்" என்றார். மூன்றேகாலை இரட்டித்தால் ஆறரை, மூன்றேகாலில் பாதி ஒன்றரையும் அரைக்காலும், இரண்டையும் சேர்த்தால் எட்டும் அரைக்காலும். எட்டில் ஒரு பங்குக்கு அரைக்கால் என்று பெயர் இருப்பதையே மகள் அன்றுதான் கேட்டாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நானும் கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்துத்தான் அதைச் சரி என்று நம்பினேன். 1996இல் யுத்தத்தால் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது நான் 6ஆம் தரம். மல்லாவியில் மரத்தின் கீழ் நடந்த வகுப்பில் மறுபடி போய் இருந்தபோது பின்னமும் தசமமும் முடிந்து போயிருந்தன. யாரும் திரும்பிப் படிப்பிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஓட்டையின் மேல் நின்றுகொண்டுதான் வெவ்வேறு நாட்டுப் புத்தகங்களை மாற்றி மாற்றி மகளுக்கு வாங்கியிருக்கிறேன். அவளுடைய தடுமாற்றத்தை ஒவ்வொரு முறையும் புத்தகத்தின் குறை என்று நினைத்தேனே தவிர, அவள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று ஒருநாளும் சோதிக்கவில்லை.

அதன் பிறகு மூன்று மாதம் புதிய புத்தகம் எதையும் திறக்கவில்லை. சிங்கப்பூர்ப் புத்தகத்தின் கட்டப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, வயல், மண்ணெண்ணெய், பசளை என்று வீட்டில் நடக்கும் அளவைகளிலேயே பின்னம் செய்தோம். பிறகு நமது அரசாங்கத்தின் 6ஆம் தரப் புத்தகத்துக்கு வந்தோம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அதைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியும் அப்படியே கிடைக்கிறது. புத்தகம் சுருக்கமாக இருக்கிறது, பயிற்சி போதாது என்ற குறை உண்மைதான். ஆனால் வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தக் குறை பாதியாகிவிடுகிறது.

மகன் 11ஆம் தர முடிவில் வரும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதுவான் என்றால், 6ஆம் தரத்திலிருந்து நமது புத்தகத்துக்கு வந்துவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். அமெரிக்காவில் உயர்வகுப்புக்குப் போனதும் அட்சரகணிதத்தை (அல்ஜீப்ரா) ஒரு வருடமும் கேத்திரகணிதத்தை (ஜியோமெட்ரி) இன்னொரு வருடமும் தனித்தனியாக எடுப்பது வழக்கம். நம்மிடம் இரண்டும் எல்லாத் தரத்திலும் கலந்தே வரும். தொடைகள் (ஆங்கிலத்தில் செற்) நமக்கு 7ஆம் தரத்திலேயே வந்துவிடும். சாதாரண தரப் பரீட்சையில் கல்குலேற்றர் கிடையாது, மடக்கை (லொகரிதம்) அட்டவணைதான் கையில் இருக்கும். கல்குலேற்றரோடு பழகிய பிள்ளை 10ஆம் தரத்தில் வந்து மடக்கை பார்க்கப் பழகுவது எவ்வளவு பாடு என்பதை என் மருமகனிடம் பார்த்தேன். லண்டன் பரீட்சை என்ற வெளிநாட்டுப் பரீட்சைதான் என்று தீர்மானித்திருந்தால் நான் சொல்வதை விட்டுவிடுங்கள். அது வேறு கதை.

தமிழ்நாட்டுப் புத்தகங்களைத் தமிழில் இருக்கிறது என்பதற்காக எடுக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே இயற்கணிதம் என்பது இங்கே அட்சரகணிதம், வடிவியல் என்பது கேத்திரகணிதம், கணம் என்பது தொடை, அணி என்பது தாயம், முக்கோணம் என்பது முக்கோணி. அவர்களின் புத்தகம் மட்டம் என்று நான் சொல்லவில்லை, படங்களெல்லாம் அழகாகவே இருக்கின்றன. மேலதிகப் பயிற்சிக்கு அது போதும். முதற்புத்தகமாக வைத்தால் பிள்ளை பரீட்சைத் தாளில் தாயம் என்ற சொல்லைக் கண்டு விளையாட்டுத் தாயம் என்று நினைத்துவிடும்.

ஒன்றை மட்டும் ஆற்றாமையோடு சொல்லிவிடுகிறேன். மகளை வாரத்துக்கு ஒருநாளாவது ரியூசனில் விடலாம் என்று ஒரு தனியார் கல்வி நிலையத்துக்குக் கூட்டிப்போனபோது, "பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு எந்த வகுப்பில் கதிரை போடுறது?" என்று ஊன்றுகோலோடு நின்ற அவள் முன்னாலேயே கேட்டார்கள். பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று ஒரு கணக்குக் கொடுத்துப் பார்த்திருந்தால் கதிரை எங்கே என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும். நானும் அதையே செய்யாமல் இருந்தவன் என்பதால் அதிகம் பேச எனக்கு வாயில்லை.

ஆகவே இன்று பின்னேரம் மகனிடம் இரண்டு காரியம் செய்யச் சொல்லுங்கள். விதைநெல் கணக்கைத் தாளில்லாமல் செய்யட்டும். பிறகு, அரையைக் காலால் பிரித்தால் இரண்டு வருகிறதே, அதற்கு வீட்டில் நடக்கக்கூடிய ஒரு கதை சொல்லட்டும். அரை லீற்றர் மண்ணெண்ணெயைக் கால் லீற்றர்ப் போத்தல்களில் ஊற்றுவது போல ஏதாவது. அவன் சொல்லும் கதையை இங்கே எழுதுங்கள். சாக்சனுக்குக் காசு அனுப்புவதை அதுவரை தள்ளிவையுங்கள்.