கரையாத சோப்பு

(31 வருடம் வார்டிலும் வீடுகளிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட ஓய்வுபெற்ற செவிலியர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: சிஸ்டர், என் அம்மாவுக்கு 79 வயது. என்னோடு இருக்கிறார். நடக்கிறார், பேசுகிறார், தானே சாப்பிடுகிறார். ஆனாலும் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. உதவிக்கு ஆள் வைக்கலாமா என்று கேட்டால், மாதம் ஒரு தடவை வந்து போகும் அண்ணன், "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, உனக்குத்தான் பொறுமை இல்லை" என்கிறார். யார் சொல்வது சரி?

உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை. அவர் வருகிற அன்றைக்கு அம்மா நன்றாகத்தான் இருப்பார். தலை வாரிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, பழைய கதையெல்லாம் பேசுவார். அண்ணன் கிளம்பிய பிறகு எவ்வளவு நேரம் படுத்துக் கிடக்கிறார் என்று அடுத்த முறை கவனியுங்கள். வார்டில் இதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். விடிய விடிய முனகியவர், டாக்டர் வந்து "எப்படி இருக்கீங்க?" என்றதும் "நல்லா இருக்கேன் சார்" என்பார். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் முனகல் மறுபடி தொடங்கிவிடும்.

ஊருக்கெல்லாம் சொன்ன நானே என் அம்மா விஷயத்தில் ஏமாந்தேன். தினமும் காலையில் குளியலறைக் கதவு சாத்தும், குழாய் திறக்கும், தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். கால் மணி நேரத்தில் புடவை மாற்றிக்கொண்டு வெளியே வருவார். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒரு நாள் நான் குளிக்கப் போனபோது, மூன்று வாரத்துக்கு முன்னால் அவருக்காகப் பிரித்து வைத்த சோப்பைப் பார்த்தேன். அதில் பதிந்திருக்கும் எழுத்து அப்படியே இருந்தது, ஓரம்கூடத் தேயவில்லை. கொடியில் கிடந்த துண்டைத் தொட்டேன், காய்ந்து விறைத்துப் போயிருந்தது. குழாயைத் திறந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "கண்ணை மூடித் தண்ணி ஊத்துனா தலை சுத்துது, விழுந்துட்டா உனக்குத்தானே கஷ்டம்" என்றார். அத்தனை நோயாளிகளைக் குளிப்பாட்டியவளின் அம்மா!

குளியலில் ஆரம்பித்ததும் தற்செயல் இல்லை. சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலம் அடக்குவது, தானே சாப்பிடுவது என்று 6 வேலைகள். வயதானவர்களிடம் பெரும்பாலும் இதே வரிசையில்தான் இவை கைவிட்டுப் போகின்றன. முதலில் போவது குளியல், கடைசியில் போவது சாப்பாடு. அதனால் "அம்மா தானே சாப்பிடுகிறார்" என்பதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். அது கடைசிப் படி.

இந்த ஆறுக்கும் முன்னாலேயே நழுவுகிறவை உண்டு. 1969-இல் லாட்டன், பிராடி என்ற இருவர் அதற்கு ஒரு பட்டியல் போட்டார்கள்: தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மாத்திரை, பணம். வீட்டில் இருக்கும் நாம் இவற்றைக் கவனிப்பதே இல்லை. காரணம், அவர் விட்ட வேலையை நாமே எடுத்துச் செய்துவிடுகிறோம். மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தது எந்த மாதம் என்று கேட்டால் உங்களுக்குச் சொல்லத் தெரியுமா?

ஆகவே அம்மாவைச் சோதிப்பதற்கு முன்னால், ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு நேற்று விழித்ததிலிருந்து இன்று விழித்தது வரை அம்மாவுக்காக நீங்கள் செய்தது அத்தனையும் எழுதுங்கள். சும்மா குரல் கொடுத்தது, கழிவறைக்கு வெளியே நின்றது, ராத்திரி எழுந்து எட்டிப் பார்த்தது எல்லாம் சேர்த்து. எழுதி முடித்ததும், இதில் எதையெல்லாம் 4 மணி நேரம் நீங்கள் இல்லாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்களோ அதைச் சுழியுங்கள். சுழித்தவற்றில் ஒன்று தவறினாலும் ஆபத்து என்றால், உதவி தேவைப்படும் நேரம் ஏற்கெனவே வந்துவிட்டது. ஊதியமில்லாத அந்த ஆள் இப்போதைக்கு நீங்கள்தான்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சின்னச் சோதனை. கைப்பிடி உள்ள நாற்காலியில் அம்மாவை உட்கார வையுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நான் விநாடியை மட்டும் பார்க்க மாட்டேன். போகிற வழியில் மேசை, சுவர், கதவு என்று எதையாவது பிடித்துப் பிடித்துப் போகிறாரா என்றும் பார்ப்பேன். சுவரில் ஒரே உயரத்தில் கை அழுக்கு படிந்திருந்தால் சோதனையே தேவையில்லை.

எடையையும் பாருங்கள். முயற்சி எதுவும் செய்யாமல், ஆறு மாதம் ஒரு வருடத்துக்குள் நூற்றுக்கு 5 பங்கு குறைந்திருந்தால், அதாவது 60 கிலோவில் 3 கிலோ போயிருந்தால், அதை "வயசாச்சு" என்று விடக்கூடாது.

அண்ணனோடு வாதாட வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லிவிட்டு நீங்கள் எங்காவது போங்கள். ஞாயிறு இரவு திரும்பினால் போதும். நடுவில் இரண்டு ராத்திரி அவர் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் உட்கார்ந்து பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 82 வயது. போன வாரம் வரை செய்தித்தாள் படித்தவர். மூன்று நாளாக ராத்திரியில் யாரோ நிற்கிறார்கள் என்கிறார், என்னை அடையாளம் தெரியவில்லை, பகலெல்லாம் தூங்கி வழிகிறார். இரவு நேரத்துக்கு ஒரு அட்டெண்டர் போடலாமா?

முதலில் டாக்டர். இன்றைக்கே. ஆள் போடுவதை அப்புறம் பார்க்கலாம்.

மறதி நோய் மூன்று நாளில் வராது, மாதக்கணக்கில் வருடக்கணக்கில் ஊர்ந்து வரும். இப்படித் திடீரென்று புத்தி தடுமாறி, ஒரு நேரம் தெளிவும் ஒரு நேரம் குழப்பமுமாக இருந்தால் அது பெரும்பாலும் உடம்பில் வேறெங்கோ இருக்கும் கோளாறின் அடையாளம். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, உடம்பில் நீர் வற்றுவது, சோடியம் குறைவது, பல நாள் மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்கு நிமோனியாவே காய்ச்சல் இல்லாமல் வரலாம். காரணத்தைக் கண்டுபிடித்து வைத்தியம் பார்த்தால் பலர் பழையபடி தெளிந்துவிடுவார்கள். போகும்போது அவர் போடும் மாத்திரை எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு போங்கள், தூக்கத்துக்கு, சளிக்கு என்று சொந்தமாக வாங்கிப் போட்டதையும் சேர்த்து. வாய் கோணியிருந்தாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்ப எழுப்பக் கண் திறக்காவிட்டாலோ இந்தப் பதிலைப் படித்து முடிக்கக்கூட நிற்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பக்கவாதம் வந்து மருத்துவமனையில் இருக்கும் என் மனைவியை அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வலது பக்கம் அசைவில்லை. சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது. நர்ஸ் வேண்டுமா, பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதுமா?

இரண்டும் ஒன்றில்லை என்று புரிந்து கேட்டிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. பல வீடுகளில், வீட்டு வேலைக்கு வந்தவரையே ஊசி போடவும் சொல்லிவிடுகிறார்கள்.

குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, கைத்தாங்கலாக நடக்க வைப்பது எல்லாம் பயிற்சி பெற்ற உதவியாளர் செய்யலாம். ஊசி, புண்ணுக்குக் கட்டு, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, மூக்குக் குழாயில் உணவு கொடுக்கக் கற்றுத்தருவது, சளி உறிஞ்சுவது என்றால் நர்ஸ். உங்கள் மனைவிக்குப் பெரும்பாலும் முழுநேர உதவியாளரும், குறிப்பிட்ட நாட்களில் வந்து போகும் நர்ஸும், பிசியோதெரபிஸ்டும் தேவைப்படும். எந்த வேலையை யார் செய்ய வேண்டும் என்று டிஸ்சார்ஜுக்கு முன்னால் வார்டு சிஸ்டரிடம் எழுதி வாங்குங்கள். எழுதி வாங்கியதோடு விடாமல், கிளம்புவதற்கு முன் ஒரு முறையாவது உங்கள் கையால் செய்து காட்டுங்கள். தப்பைத் திருத்த ஆள் பக்கத்தில் இருக்கும்போதே தப்பு செய்துவிட வேண்டும்.

முக்கியமாக மூன்று. அசைவில்லாத கையைப் பிடித்து இழுத்து யாரும் தூக்கக்கூடாது, தோள்பட்டை கழன்றுவிடும். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், படுக்கை மேல் எடுத்துப் போட்டால் சிறுநீர் உள்ளே திரும்பும். தண்ணீர் குடித்ததும் இருமினாலோ, குரல் தண்ணீர் தளும்புகிற மாதிரி மாறினாலோ, வாய் வழியாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, விழுங்குவதைச் சோதிக்கும் நிபுணரிடம் காட்டுங்கள்.

அப்புறம் படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுவது என்பது பொது வழக்கம், தோலின் நிலையைப் பார்த்து மருத்துவர் மாற்றுவார். வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் மூன்றையும் தினம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துச் சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்புத் தெரியாது. அங்கே புறங்கையை வைத்துப் பாருங்கள், சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதேதான் அர்த்தம்.

கேள்வி: அப்பா வழுக்கி விழுந்தது இரண்டாவது தடவை. ஆள் வைக்கிறோம் என்றால் "வெளியாள் என் மேல் கை வைக்கக்கூடாது" என்று கத்துகிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

நீங்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டு அவரிடம் போய் அறிவித்திருப்பீர்கள். நானாக இருந்தாலும் கத்துவேன். இத்தனை வருடம் அந்த வீட்டில் முடிவெடுத்தவர் அவர்.

எனக்குப் பலித்த வழி இதுதான். "உங்களுக்கு ஆள்" என்று சொல்லாதீர்கள், "எனக்கு முடியலப்பா, எனக்கு ஒத்தாசைக்கு" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லையே. வருகிறவர் முதல் வாரம் அவரைத் தொடவே வேண்டாம். துணி மடிக்கட்டும், கூடவே நடந்து வரட்டும், அவர் சொல்லும் கதையைக் கேட்கட்டும். ஆணா பெண்ணா, எத்தனை மணிக்கு வரலாம் என்பதை அவரே சொல்லட்டும். குளிப்பாட்டுவதை வாரத்தில் இரண்டு நாளோடு தொடங்குங்கள், இடுப்பில் துண்டோடு. முதுகை ஆள் தேய்க்கட்டும், முன்பக்கம் அவர் கையில் சோப்பு. வேண்டாம் என்ற பலர் மூன்றாவது வாரத்தில் "அந்தப் பையன் இன்னும் வரலையா?" என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். கேட்காதவர்களும் உண்டு. அவர் தெளிவாக யோசிக்கிறவர் என்றால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. அப்போது குளியலறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத விரிப்பு, ராத்திரி விளக்கு என்று ஆபத்தைக் குறைக்கிற வேலையைப் பாருங்கள். இரண்டு தடவை விழுந்தவர் ஏன் விழுந்தார் என்று மருத்துவரிடம் கேட்டீர்களா? படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் கோளாறு அங்கே இருக்கலாம்.

கேள்வி: எனக்கு வயது 74. மனைவிக்கு மறதி நோய். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து கதவைத் திறக்கப் போகிறாள். நான்தான் பார்த்துக்கொள்கிறேன், என்னால் முடிகிறது. நேற்று மட்டும் என் பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன். இதைக் கேள்வி என்று எழுதலாமா தெரியவில்லை.

ஐயா, இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே அவசரமான கேள்வி இதுதான். நோயாளியின் கடிதமாகத்தான் இதைப் படித்தேன்.

"என்னால் முடிகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று? பராமரிப்பவரின் சுமையை அளக்க 22 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று இருக்கிறது, ஜாரிட் என்ற உளவியலாளர் பெயரில். உங்கள் உடல்நலம் கெட்டதா, உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கும். உங்களுக்கு அது தேவைப்படாது, இரண்டு தடவை போட்ட மாத்திரையே பதில் சொல்லிவிட்டது. நீங்கள் விழுந்தால் அந்தக் கதவருகே யார் நிற்பார்கள்?

உங்களுக்குப் பகல் உதவியைவிட இரவு உதவிதான் முதலில் வேண்டும். வாரத்தில் மூன்று இரவு போதும், தொடங்கலாம். கதவில் திறந்தால் ஒலிக்கும் மணி ஒன்று மாட்டுங்கள். வருகிறவரிடம், உங்கள் மனைவி எழுந்தால் தடுக்க வேண்டாம், கூடவே நடந்து, கழிவறை காட்டி, மெதுவாகத் திருப்பிக் கூட்டி வரச் சொல்லுங்கள். பல நேரம் அவர்கள் தேடுவது கழிவறையைத்தான். சட்டென்று கையைப் பிடித்தால் பயந்து அடிப்பார்கள்.

முதல் ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து போய்ப் பார்ப்பீர்கள். போங்கள், பரவாயில்லை. இரண்டாவது ராத்திரி வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். அடுத்த முறை மனைவியை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது உங்கள் மாத்திரை அட்டையையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய், நேற்று நடந்ததைச் சொல்லி, உங்கள் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள்.