டிசிஎம் ஃபியூஸை எடுத்ததும் ஸ்பீக்கர் ஊமையானது ஏன்?

அமெரிக்காவில் வாங்கிய டொயோட்டா ராவ்4 காரில், வண்டி உங்களைக் கண்காணிக்கக் கூடாதென்று டிசிஎம் (வண்டியின் தகவல்களை மொபைல் நெட்வொர்க் வழியாக நிறுவனத்துக்கு அனுப்பும் பெட்டி) ஃபியூஸை எடுத்ததும் வலது முன் ஸ்பீக்கரும் புளூடூத் மைக்கும் வேலை செய்யவில்லை என்கிறீர்கள். பயப்படாதீர்கள், எதுவும் பழுதாகவில்லை. அவசர அழைப்புக்காக இவை இரண்டின் வயர்களும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகின்றன. பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் இவையும் வாய் திறக்காது. ஒலி வயர்களை மட்டும் நேராக இணைக்கும் பைபாஸ் ஹார்னஸ் விற்கிறார்கள்; மாடலும் ஆண்டும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள்.

ஒன்று மட்டும்: இனி விபத்து நடந்தால் வண்டி தானாக உதவிக்கு அழைக்காது. வீட்டில் வேறு யாராவது ஓட்டினால் சொல்லிவையுங்கள். அப்புறம், பையிலிருக்கும் போனில் லொகேஷனை அணைத்தீர்களா?