பிள்ளையின்ர ரியூசன் காசு 60% கூடினதோ?

தங்கச்சி, போன வருசம் மூண்டு பாடத்துக்கு 4,500, இந்த வருசம் 7,200, ஆனா பணவீக்கம் அவ்வளவு இல்லையெண்டு சொல்லுறாங்கள், ஆர் பொய் எண்டு கேட்டிருக்கிறியள். ஒருத்தரும் பொய்யில்லை. இப்ப மகன் நாலு பாடம் போறார் எண்டும் எழுதியிருக்கிறியள், அப்ப ஒரு பாடம் 1,500 இலிருந்து 1,800, விலை கூடினது 20% தான், மிச்சம் கூடப் படிக்கிற பாடத்தின்ர காசு. ரெண்டையும் வேறயா எழுதுங்கோ.

பணவீக்கம் பாக்க, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை (சாமான் விலை எவ்வளவு மாறினது எண்டு காட்டிற எண்) பாக்காதேங்கோ, அது கொழும்பு நகரப் பக்கத்து விலை, யாழ்ப்பாணத்துக்கு தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்தான் கிட்ட வரும், புள்ளிவிபரத் திணைக்களம் மாசாமாசம் போடும், அதில கல்விக்கு தனிப் பிரிவிருக்கு. ஆனா வான் காசு போக்குவரத்திலையும் யூனிபோம், சப்பாத்து உடுப்புப் பிரிவிலையும் போயிடும், அதாலதான் உங்கட வீட்டுக் கணக்கோட ஒருநாளும் பொருந்தாது.

நான் பள்ளிச் சாமான் விலையளை ஒரு சிஆர் கொப்பியில மாசாமாசம் எழுதிறன், ஒவ்வொரு முறையும் விலை பாக்கிறது அதே வகைக் கொப்பி, அதே பக்க எண்ணிக்கை, அதே கடை. பள்ளிக்கூடம் தொடங்கிற மாசத்தை போன வருசம் தொடங்கின மாசத்தோட மட்டும் ஒப்பிடுங்கோ, முந்தின மாசத்தோட பாத்தா வீணா நெஞ்சிடிதான் வரும்.